பத்து இடமும் பத்திரம்

எங்கள் மாவட்டத்தை நிர்வகிக்கும் மார்ல்ஷயர் கவுன்சில் வேறு எதில் குறை வைத்தாலும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் விஷயத்தில் குறை வைக்காது. ஆல்டர் லேன் தொடக்கப்பள்ளிக்குப் பின்னால் அது கட்டியிருக்கும் அறையைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதை ஒத்துக்கொள்வார்கள். கண் கூசாத விளக்கு, காலடி ஓசை எழாத தரை, சத்தம் தாங்காத பிள்ளை போய் ஒண்டிக்கொள்ள மெத்தை போட்ட மூலை, வரிசையாகப் பத்து சின்ன நாற்காலிகள். கட்டி முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. நாற்காலிகளில் ஒரு கீறல் கூடக் கிடையாது. ஒரு பிள்ளையும் இதுவரை அவற்றில் உட்காரவில்லை.

ஹேசல் பிராட்பெண்ட் தினமும் காலையில் தன் மகள் மேபலைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளி வேலியோரமாக நடப்பாள். மேபலுக்கு எட்டு வயது, ஆட்டிசம் உண்டு. முன்பு படித்த பள்ளியில் மணி அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போய்விடுவாள். தலைமையாசிரியை முகத்தில் அன்பு வழிய, “உங்க பொண்ணோட தேவைகளைப் பூர்த்தி பண்ற அளவுக்கு எங்களுக்குத் தகுதி இல்லைங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். தன் தகுதிக்குறைவை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லும் ஆளை ஹேசல் அதற்குமுன் பார்த்ததில்லை. சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி சுடும் வேலையை விட்டுவிட்டு அன்றிலிருந்து மகளோடு வீட்டில் இருக்கிறாள்.

மேபலுக்குப் பிடித்தது குப்பைத்தொட்டி. எந்தத் தெருவில் எந்த வாரம் பச்சை மூடித் தொட்டியை எடுப்பார்கள், எந்த வாரம் நீல மூடி என்று அவளைக் கேட்டால் போதும். குப்பை வண்டிக்காரர்கள் சொன்ன நாளில் வருவார்கள், சொன்னதை எடுத்துக்கொண்டு போவார்கள். கவுன்சிலில் அப்படிப்பட்டவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். ஒருவர் ஒன்றைச் சொன்னால் அது அப்படியே நடக்கவேண்டும், அவ்வளவுதான் அவள் இந்த உலகத்திடம் எதிர்பார்த்தது. கவுன்சிலோ அந்த ஒன்றைத் தவிர வேறு எது கேட்டாலும் தரத் தயாராக இருந்தது.

மேபலுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று ஹேசல் எழுதாத கடிதம் இல்லை. கடைசியில் இடம் ஒதுக்கும் குழு அவளை நேரில் வரச் சொன்னது. நீளமான மேஜை, சுற்றிலும் ஏழெட்டு அதிகாரிகள், தலைமையில் திருமதி க்ராஃப்ட். குழந்தைகளிடம் பேசிப் பேசியே குரல் குழைந்துபோனவர் போல இருந்தார். விசாரித்ததில், அவர் குழந்தைகளைப் பற்றிப் பேசித்தான் அப்படி ஆகியிருந்தது.

ஹேசல் மழையில் நனைந்து வந்திருந்தாள். கோட்டைக் கழற்றிக் காலியாகத் தெரிந்த ஒரு நாற்காலி முதுகில் போட்டாள்.

“ஐயையோ, அதுல போடாதீங்க!” என்று ஒருவர் எழுந்தே விட்டார்.

“மன்னிச்சுக்குங்க, யாராவது வர்றாங்களா?”

“அது குழந்தைம்மா,” என்றார் திருமதி க்ராஃப்ட்.

ஹேசல் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் ஒரு கரடி பொம்மை இருந்தது. கவுன்சில் ஊழியர்கள் மாட்டிக்கொள்வது போல அதன் கழுத்திலும் ஓர் அடையாள அட்டை. அதில் ‘குழந்தை’ என்று எழுதியிருந்தது.

“நாங்க எந்த முடிவு எடுத்தாலும் குழந்தையை நடுவுல வெச்சுத்தான் எடுப்போம்,” என்று திருமதி க்ராஃப்ட் விளக்கினார். “அது எங்க கொள்கை. நீங்க கோட்டைப் போட்டது குழந்தை மேல.”

ஹேசல் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாவாடை நனைந்தது. பிஸ்கட் தட்டு முதலில் கரடிக்கு முன்னால் போய்ச் சற்று நின்று, பிறகுதான் மற்றவர்களிடம் வந்தது.

“இப்ப மேபலைப் பத்திச் சொல்லுங்க. குறையெல்லாம் வேணாம். நல்லதை மட்டும் கேக்கத்தான் எங்களுக்கு ஆசை.”

இரண்டு வருஷமாக யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. ஹேசல் குப்பைத்தொட்டி விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னாள். தெருத் தெருவாக, வாரம் வாரமாக மேபல் ஒப்பிப்பதை, பண்டிகை வாரத்தில் நாள் மாறினால் கூட முன்னாடியே சொல்லிவிடுவதைச் சொல்லும்போது அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. பேனாக்கள் சரசரவென்று ஓடின.

“அபாரம்! இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்குப் போயி சிறப்பு இடம் கேக்கறீங்களே, அது அவளை அவமானப்படுத்தற மாதிரி இல்ல?” என்றார் திருமதி க்ராஃப்ட்.

ஹேசலுக்குத் தான் எங்கே சறுக்கினோம் என்று புரியவில்லை. “இல்லைங்க மேடம், ஆல்டர் லேன்ல பத்து இடம் காலியாத்தானே இருக்கு?”

“பத்தும் இருக்கு!” அறை முழுக்க ஒரு பெருமிதம் பரவியது. “இந்த வட்டாரத்துலயே பத்து இடத்தை முழுசா கையில வெச்சிருக்கிற கவுன்சில் நாங்க மட்டும்தான்.”

“அப்ப மேபலை அதுல ஒண்ணுல உட்கார வெச்சா...”

“ஒம்போதுதானே இருக்கும்?”

நிதிப் பிரிவுக்காரர் ஒருவர் இரக்கப்பட்டுக் குறுக்கிட்டார். “பாருங்கம்மா, கட்டறதுக்கு வந்த பணம் வேற கணக்கு. அதுல டீச்சர் வைக்க முடியாது. டீச்சர் வைக்கிற கணக்குல பணமே இல்ல. அதனால இடம் தயாரா இருக்கு, அதுல உட்கார்றதுக்குத்தான் வழியில்ல.”

“ஆனா டாக்சிக்கு இருக்கு,” என்றார் இன்னொருவர் உற்சாகமாக. “கடற்கரைப் பக்கம் பக்கத்து மாவட்டத்துல ஒரு பள்ளிக்கூடம். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். கூட ஒரு ஆளும் அனுப்புவோம். எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, அது போக்குவரத்துக் கணக்கு.”

“மேபல் கார்ல ஏறினா முதல் ரவுண்டானா வர்றதுக்குள்ள வாந்தி எடுத்துடுவா மேடம்.”

திருமதி க்ராஃப்ட் வருத்தத்தோடு தலையாட்டிவிட்டு, கொடுத்த இடத்தைத் தாயார் மறுத்துவிட்டார் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். ஹேசல் விடைபெற்றபோது ஒருவர் கரடியின் கையைத் தூக்கி டாட்டா காட்ட வைத்தார்.

பக்கத்து வீட்டு ஷீனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் மகன் ரோரிதான் தினமும் அந்தக் கடற்கரை டாக்சியில் போகிறவன்.

“அடி பைத்தியக்காரி! நல்லதைச் சொன்னியா?”

“அவங்கதானே கேட்டாங்க.”

“கேக்கத்தான் செய்வாங்க. அதுக்குத்தானே சம்பளம் வாங்கறாங்க? அங்க போறப்ப பிள்ளையோட ரொம்ப மோசமான நாளா பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போகணும்டீ. கடிச்சா, உதைச்சா, ஜன்னலை உடைச்சா. நான் ரோரியைப் பத்தி எழுதினதை அவன் படிச்சான்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டான். பெத்த பிள்ளையைப் பத்திக் கேவலமா பேசறவதான் இந்த ஊர்ல நல்ல அம்மா.”

ஹேசல் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தன் மகளைப் பற்றிப் பெருமைப்பட்டதற்காக ஒரு தாய்க்குத் தண்டனை கொடுக்கும் ஊரில் குடியிருக்கிறோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இதற்கிடையே உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, ஆல்டர் லேன் அறை ஏன் இன்னும் காலியாக இருக்கிறது என்று கேட்டு எழுதிவிட்டது. கவுன்சில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனே அறையை இன்னொரு முறை திறந்து வைப்பது என்று முடிவு செய்தது. திறப்பு விழா அதற்கு ஏற்கனவே இரண்டு தரம் நடந்திருந்தது. அந்தப் படங்களில் பிள்ளையே இல்லை என்று யாரோ கண்டுபிடித்ததால், விளம்பரப் பிரிவிலிருந்து ஓர் இளைஞன் ஹேசலுக்குப் போன் செய்தான்.

“உங்க பொண்ணை ஒரு மணி நேரம் இரவல் தர முடியுங்களா?”

இது உள்ளே நுழைய ஒரு வழி என்று ஹேசலுக்குத் தோன்றியது. மேபலுக்குப் பிடித்த பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

குழந்தைகள் நலனுக்குப் பொறுப்பான கவுன்சிலர் ஃபென்விக் ரிப்பனை வெட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“ரெண்டு வருஷமா இந்த அறையை வெச்சு என்ன செஞ்சீங்கன்னு கேக்கறாங்க. நான் அவங்களைக் கேக்கறேன். சுத்திப் பாருங்க! சுவத்துல ஒரு கிறுக்கல் உண்டா? தரையில ஒரு கறை உண்டா? பிள்ளைங்களை உள்ள விட்டிருந்தா இதை இப்படிக் காப்பாத்தியிருக்க முடியுமா? மத்த கவுன்சில்கள்லாம் கையில இருந்த இடத்தைப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துக் கொடுத்தே தீர்த்துட்டாங்க. இன்னிக்கு அவங்ககிட்ட ஒண்ணு கூட மிச்சமில்ல. நாங்க அந்த மாதிரி ஊதாரித்தனம் பண்ணல. எங்க பத்து இடமும் பத்திரமா இருக்கு!”

எல்லோரும் கைதட்டினார்கள். மேபல் காதைப் பொத்திக்கொண்டாள். புகைப்படக்காரர் சைகை காட்டியதும் கவுன்சிலர் அவளைக் கொண்டுபோய் முதல் நாற்காலியில் உட்காரவைத்து, மண்டியிட்டு, கேமரா பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

“மேபல் கண்ணு, இது உன்னோட நாற்காலி.”

“எப்பவுமா?” என்று மேபல் கேட்டாள்.

“எப்பவும்.”

“சனி ஞாயிறும்?”

சிரிப்பு எழுந்தது. “சனி ஞாயிறு லீவு. மத்த நாளெல்லாம் உன்னோடதுதான்.”

“சரி,” என்றாள் மேபல்.

விழா முடிந்து கேக் தீர்ந்து எல்லோரும் கிளம்பினார்கள். மேபல் கிளம்பவில்லை. திருமதி க்ராஃப்ட் தன் குழைந்த குரலில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“சார் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னாரும்மா.”

“என் நாற்காலின்னு சொன்னார். எல்லாருக்கும் கேட்டுச்சு,” என்றாள் மேபல்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஹேசல் தன் வாழ்நாளில் முதல்முறையாக, “அவ என் பேச்சைக் கேக்க மாட்டாங்க” என்று பொய் சொன்னாள். பத்திரிகைக்காரர் வாசலில் கேமராவை உறையில் போடாமல் நின்றுகொண்டிருந்தார். அழுகிற பிள்ளையைத் தூக்கி வெளியே போடுகிற படம் எப்படியிருக்கும் என்று கவுன்சிலர் ஃபென்விக் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். விளம்பரப் பிரிவு இளைஞனை ஓரமாகக் கூப்பிட்டார்.

“உங்க கணக்குல பணம் இருக்கா?”

“விளம்பரத்துக்கா சார்? அதுக்கு எப்பவும் இருக்குமே.”

இப்படியாக மேபலுக்குப் பள்ளி கிடைத்தது. கவுன்சில் பார்வையில் அவள் மாணவி அல்ல, தொடர்ந்து எடுக்கப்படும் ஒரு புகைப்படம். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த மிஸ் அடேயெமி இந்த மாதிரிப் பிள்ளைகளோடு வாழ்நாளெல்லாம் பழகியவர். அவரைப் படப்பிடிப்பு உதவியாளர் என்று நியமித்தார்கள். மேபல் உட்கார்ந்திருந்தாலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று கவுன்சில் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பத்து இடமும் பத்திரமாக இருந்தன.

அங்கே மணி அடிக்கவில்லை. மிஸ் அடேயெமி அவசரப்படுத்தவில்லை. குப்பைத்தொட்டி அட்டவணையிலிருந்தே எழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்தார். ‘பச்சை’யும் ‘நீல’மும் வந்தன, பிறகு கிழமைகள் வந்தன, பிறகு தெருப் பெயர்கள். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மேபல் தன் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததை உப்பின் அளவு உட்பட முழுக்கப் படித்தாள். ஹேசல் அந்த பஸ்ஸைத் தவறவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை படி கண்ணு” என்றாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லிவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயமும் கூடவே வந்தது. ஷீனாவிடம் மட்டும் சொன்னாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

பயந்தபடியே நடந்தது. நிதியாண்டு முடிய, படம் எடுத்தது போதும் என்று விளம்பரப் பிரிவு சொல்லிவிட்டது. இனி மேபலுக்கு உண்மையாகவே ஓர் இடம் தேவையா என்று குழுதான் சொல்ல வேண்டும். குழு ஆல்டர் லேன் அறைக்கே வந்தது. கரடியையும் அதன் நாற்காலியையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“இந்தத் தடவை வாய் தவறிடாதே. எதுவுமே தெரியாதுன்னு சொல்லு. நான் பக்கத்துலயே நம்ம பொம்பளைங்க, அவங்க பிள்ளைங்க எல்லாரோடயும் காபிக் கடையில இருக்கேன். ஏதாவது ஆச்சுன்னா ஒரு போன் போடு,” என்று ஷீனா சொல்லி அனுப்பியிருந்தாள். நம்ம பொம்பளைங்க என்றால், வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதே குழுவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அம்மாக்கள்.

மேபல் தன் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். திருமதி க்ராஃப்ட் பேனாவைத் திறந்தார்.

“சொல்லுங்க. எப்படியிருக்கா நம்ம மேபல்?”

ஹேசல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “ரொம்ப மோசம் மேடம். ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கறா. கத்தறா. எழுத்துன்னா என்னன்னே தெரியாது.”

தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்க அவளுக்கே கூசியது. மேபல் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அம்மா, அது நிஜமில்ல.”

“சும்மா இரு கண்ணு.”

“எனக்குப் படிக்கத் தெரியுமே. உனக்கு மறந்துபோச்சா?” அம்மாவுக்கு ஞாபகமூட்ட வேண்டும் என்ற அக்கறையோடு, சுவரில் பதித்திருந்த பித்தளைப் பலகையை ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தாள். “மார்ல்ஷயரில், ஒவ்வொரு, குழந்தைக்கும், ஓர், இடம், உண்டு. மூன்றாம், முறையாக, திறந்து, வைத்தவர், கவுன்சிலர், ஃபென்விக்.”

மிஸ் அடேயெமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பலகையை அதிகாரிகளில் யாரும் அதற்குமுன் படித்ததில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. பிறகு திருமதி க்ராஃப்ட் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

“வாழ்த்துக்கள்மா! இந்த அறை ஜெயிச்சிடுச்சு. நல்லாப் படிக்கிறா, அமைதியா உட்கார்ந்திருக்கா. இவளுக்கு இனிமே இந்த இடம் தேவையே இல்ல.”

“இந்த இடம் இருந்ததாலதான் மேடம் படிக்கிறா.”

“அதேதான். அதான் தேவையில்லைன்னு சொல்றேன். பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போகலாம். அங்க மணியெல்லாம் புதுசா மாத்தியிருக்காங்களாம், இன்னும் நல்லாக் கேக்குமாம்.” அவர் மேபல் பக்கம் குனிந்தார். “எழுந்திரு செல்லம். வீட்டுக்குப் போகலாம்.”

மேபல் அம்மாவைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக ஹேசல் இந்த மனிதர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள், நன்றி சொல்லியிருக்கிறாள், நனைந்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் மனதில் மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை.

“எந்திரிக்காதே மேபல்,” என்றாள். இரண்டாவது நாற்காலியை இழுத்து, முழங்கால் முகவாயை இடிக்க அதில் உட்கார்ந்தாள். “எழுதிக்குங்க மேடம். பத்துல ரெண்டு போச்சு.”

பிறகு ஷீனாவுக்குப் போன் போட்டாள்.

ஷீனா வந்தாள், பின்னால் ஒரு படையே வந்தது. காதில் பெரிய ஒலித்தடுப்பானோடு ஒரு பையன், அம்மாவின் இடுப்பை விடாத இரட்டையர், சக்கர நாற்காலியில் ஒரு சின்னப் பெண். ஹேசல் எழுந்து தன் இடத்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாள். மிஸ் அடேயெமி யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரைக் கேட்டு, காகிதமும் பென்சிலும் கொடுத்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் பத்து இடமும் நிரம்பிவிட்டன.

திருமதி க்ராஃப்ட் சுவரோரம் நின்று போனில் விளம்பரப் பிரிவுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் குழைவெல்லாம் போய்விட்டிருந்தது. “ஆமா, பத்தும் போச்சு. ஒண்ணு கூட மிஞ்சல. காரணமா? இடத்தையெல்லாம் யாரோ பயன்படுத்திட்டாங்கன்னு போடுங்க.”

வாசலில் டாக்சி வந்து நின்றது. கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த வண்டியை ஷீனா பாதி வழியில் திருப்பச் சொல்லியிருந்தாள். ரோரி முதுகுப்பையோடு உள்ளே வந்தான். வாட்டசாட்டமான பையன், வாய் பேசமாட்டான். உட்கார இடம் தேடி வரிசையைப் பார்த்தான். எல்லாம் நிரம்பியிருந்தது. அறை நடுவில், குழு வேனில் கொண்டுவந்த நாற்காலியில் மட்டும் பொம்மை இருந்தது. அவன் கரடியை மெதுவாகத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அதில் உட்கார்ந்துகொண்டான்.

“டேய், எந்திரி! அதுல உட்காரக் கூடாது!” திருமதி க்ராஃப்ட் போனை மறந்து அலறினார். “அது குழந்தையோட நாற்காலி!”

மேபல் வரைவதை நிறுத்தி நிமிர்ந்து, ரோரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பெரியவர்களுக்கு இதைக்கூட எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று பொறுமையாகச் சொன்னாள்:

“ஆமா. குழந்தை வந்துட்டான்.”